சீனம் கத்துக்கணுமா? ஆப்பை மூடிட்டு ஒரு ரிக்‌ஷாக்காரன் கதையைக் கேளுங்க!

எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை பாஸ். 1,200 சொற்கள் கைவசம். அந்த மிதப்பில்தான் பெய்ஜிங்கில் ஒரு டாக்ஸியில் ஏறினேன். 'எந்த ஊர்?' என்று ஓட்டுநர் கேட்டார், சொன்னேன். 'சீனம் நல்லா பேசுறீங்களே' என்றார், சிரித்தேன். அதற்கு அப்புறம் 40 நிமிஷம் அவர்தான் பேசினார். எனக்குப் பிடிபட்டது மூணே மூணு சொல்: பணம், கம்பெனி, மாசம். நடுவில் 'ஃபெர் ச்சியென்' என்று ஏதோ ஒன்று ஏழெட்டு தடவை வந்துபோனது. மனிதர் எதையோ நினைத்துக் கொதிக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. எதை என்று தெரியவில்லை.

அந்தச் சொல் என் பாடப் பட்டியலில் இல்லை. ஆப்பின் ஃப்ளாஷ் கார்டிலும் இல்லை. கடைசியில் அதன் வேரை நான் கண்டுபிடித்தது, 1936-ல் வெளிவரத் தொடங்கிய ஒரு நாவலில். அதைப் படித்த, அதைவிட முக்கியமாகக் காதால் கேட்ட அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: சீனத்தில் அடிப்படை தாண்டியவர்கள் இன்னொரு ஆப்பைத் தேடி அலையாமல், ஒரே ஒரு நல்ல பழைய நாவலை எடுத்துக்கொண்டு, ஆடியோவும் புத்தகமுமாக ஒரு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தலாம். 'AI மொழிபெயர்ப்பு இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கொஞ்சம் பொறுங்க.

முதல் தப்பு: தப்பான நாவல்

'சீன க்ளாசிக்' என்றதும் எல்லோரும் சொல்வது நாலு புத்தகம். 'மூன்று ராஜ்ஜியங்கள்', 'மேற்கு நோக்கிய பயணம்', 'நீர்க்கரை', 'சிவப்பு மாளிகைக் கனவு'. இந்த ஆசையில் விழுந்து அடிபட்டவர்கள் வரலாறு நெடியது. 19-ம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் சீனம் படித்த பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவர் ஜோலி. அவருக்குப் பாடநூல், தாமஸ் வேட் 1867-ல் வெளியிட்ட 'ட்ஸு அர் ஜி'. அது முடிந்த கையோடு, 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலுக்குள் இறங்க வேண்டியிருந்தது. திக்குத் தெரியாத காட்டில் விட்டதுபோல் இருந்திருக்கிறது. தனக்குப் பின்னால் வரும் மாணவர்களாவது இப்படித் திண்டாட வேண்டாமே என்று அதை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். 1892, 1893-ல் இரண்டு தொகுதிகள் வந்தன. நாவலில் மொத்தம் 120 அத்தியாயம். அவர் முடித்தது 56.

ஜோலியைக் குறை சொல்ல முடியாது. அந்த நாவல் ஏழு லட்சம் எழுத்துகளுக்கு மேல் ஓடுகிறது. அதில் வரும் தனித்தனி எழுத்து வடிவங்களே 4,000-த்துக்கு மேல். போதாததற்கு நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், கவிதைப் போட்டிகள், உறவுமுறைச் சிக்கல்கள். 'மூன்று ராஜ்ஜியங்கள்' இன்னும் மோசம். பாதி பழைய இலக்கிய நடை, பாதி பேச்சு நடை. நம் தமிழை மூணு வருஷம் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் வில்லிபாரதத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

எனக்குச் சரிப்பட்டது லாவோ ஷே எழுதிய 'ஒட்டகம் ஷியாங்ஸு'. மொத்தம் 24 அத்தியாயம். ஒரு லட்சம் எழுத்துக்குச் சற்றுமேல். தனித்தனி வடிவங்கள் 2,400 சொச்சம்தான். சீன அரசு 2021-ல் கொண்டுவந்த புதிய மொழித் தரநிலை வெளிநாட்டு மாணவருக்கு வைத்திருக்கும் மொத்த எழுத்து எண்ணிக்கையே 3,000. அதோடு ஒப்பிட்டால் இது எட்டாத உயரம் இல்லை.

யார் இந்த ஷியாங்ஸு?

கிராமத்திலிருந்து பெய்ஜிங்குக்கு வந்த அநாதைப் பையன். வாட்டசாட்டமான உடம்பு, பேச்சு கம்மி. வாடகை ரிக்‌ஷா இழுக்கிறான். ஒரே கனவு, சொந்தமாக ஒரு ரிக்‌ஷா. மூணு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து ஒன்றை வாங்கியும்விடுகிறான். தன் பிறந்தநாள் அவனுக்குத் தெரியாது. அதனால் வண்டி வாங்கிய அன்றைக்கே தனக்கும் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்கிறான். (இந்த இடத்தை முதல் தடவை அகராதி இல்லாமல் புரிந்துகொண்டபோது மெட்ரோ ரயிலில் தனியாகச் சிரித்தேன்.) கொஞ்ச நாளில் ராணுவத்தார் அவனையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்துப் போகிறார்கள். அங்கிருந்து மூன்று ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தப்பி வந்து, அவற்றை விற்கிறான். பட்டப்பெயர் வந்த கதை இது. மறுபடி சேமிப்பு, மறுபடி பறிபோகிறது. மறுபடி.

இன்றைக்கு டெலிவரி வேலைக்கும் டாக்ஸி ஆப்புக்கும் இ.எம்.ஐ.யில் வண்டி எடுத்து ஓட்டுகிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். மொழி கற்கும் புத்தகத்தில் இது பெரிய விஷயம். 'லீ மிங் நூலகத்துக்குப் போகிறான்' என்ற பாடத்தில் லீ மிங் போனால் என்ன, போகாவிட்டால் நமக்கென்ன? ஷியாங்ஸுவின் காசு போனால் மனசு அடித்துக்கொள்கிறது. அந்த வாக்கியம் மறப்பதில்லை.

சொல் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். வண்டிக்குச் சீனத்தில் 'ச்சே'. நாம் சலித்துக்கொள்ளும் 'ச்சே!' கிட்டத்தட்ட அதே ஓசைதான், ராகம் மட்டும் வேறு. நாவலில் இந்தச் சொல் நூற்றுக்கணக்கான தடவை வருகிறது. வண்டி இழுப்பது, வண்டி வாங்குவது, வண்டி வாடகை, வண்டிக் கொட்டகை. ஐந்தாறு அத்தியாயத்துக்குள் இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே போய்விடுகிறது. அப்புறம் இன்றைய சீனம் தானாகத் திறக்கிறது. 'ஹுவோ ச்சே' என்றால் நெருப்பு வண்டி, அதாவது ரயில். 'ச்சி ச்சே' கார். 'டூ ச்சே' டிராஃபிக் ஜாம். 'வாங் யுவே ச்சே' இணையத்தில் புக் செய்கிற டாக்ஸி. 1936-ல் இல்லாத தொழிலுக்கும் சொல் அங்கிருந்தே நீள்கிறது.

கண் மட்டும் போதாது

சரி, வெறுமனே படித்தால் போதாதா, ஏன் ஆடியோ? சீன எழுத்தின் குணம் தெரிந்தால் இது புரியும். அதில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்துக்குப் பின் எழுத்தாக வரிசையாகப் போகிறது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதைப் படிக்கிறவரே பிரித்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிப்பவருக்கு இதுதான் பெரிய தலைவலி. வாசிப்பவரின் குரல் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. அவர் மூச்சு விடுகிற இடம், அழுத்துகிற இடம், ரெண்டு எழுத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் சொல்கிற இடம் எல்லாமே காதுக்குக் கேட்கும் இடைவெளிகள்.

இன்னொரு சிக்கல், ஒரே எழுத்துக்கு ரெண்டு மூணு உச்சரிப்பு. 'சரி, ஆகட்டும்' என்பதற்கு 'ஷிங்' என்று எழுதும் அதே எழுத்து, வங்கி என்ற சொல்லில் 'ஹாங்' ஆகிவிடும். பட்டியல் போட்டுப் படித்தால் இரண்டு நாளில் குழம்பும். கேட்டுக் கேட்டுப் பழகினால் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் 'யின்ஹாங்' என்று முழுச்சொல்லாகத்தான் அது காதில் விழுந்திருக்கிறது.

தொனி பற்றியும் சொல்லியாக வேண்டும். நாலு தொனியை அட்டவணையில் படித்து யாருக்கும் வந்ததாக எனக்குத் தெரியாது. ஓடுகிற வாக்கியத்தில் தொனிகள் தேய்கின்றன, பக்கத்துத் தொனியைப் பார்த்து மாறுகின்றன, சில காணாமலே போகின்றன. ஒரே குரலை மணிக்கணக்கில் கேட்டால் மட்டும் பிடிபடுகிற சங்கதி இது. பாட்டு கற்றுக்கொள்பவர் குருவின் வாயைப் பார்ப்பதுபோல.

இங்கே நமக்குச் சில சலுகைகள் உண்டு. பெய்ஜிங்காரர்கள் மனிதனை 'ழன்' என்று சொல்வதுபோலக் கேட்கும். நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஓசை நம் ழகரத்துக்கு ரொம்ப நெருக்கம். (ரோமன் எழுத்தில் அதற்கு 'ஆர்' போடுவார்கள். 'இசட் எச்' என்று அவர்கள் எழுதுவது ழ இல்லை, நாக்கை மடித்த ஒரு ஜகரம். ரெண்டையும் குழப்பிக்கொண்டு நான் பட்ட பாடு தனிக்கதை.) அதேபோல ரோமன் எழுத்தில் 'பி' என்ற இரண்டாம் எழுத்தைப் போட்டு எழுதும் சீன ஒலி, நாம் 'பல்' என்று சொல்லும்போது வருகிற சாதா ப தான். ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'பந்து', 'பயம்' மாதிரி அதிர்வோடு சொன்னால் தப்பு. இன்னொரு 'ப' இருக்கிறது; அதற்குக் காற்றை ஊதி வெளியேற்ற வேண்டும். தமிழில் அந்த வேறுபாடு இல்லை என்பதால், இதில் நாம் கூடுதலாகக் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

லாவோ ஷேயும் இந்த நாவலைக் காதுக்காகவே எழுதியவர்தான். பெய்ஜிங்கில் 1899-ல் பிறந்தவர், மஞ்சு இனத்துக்காரர். இந்தப் புத்தகத்துக்காக ஒரு நண்பரிடமிருந்து உள்ளூர்ப் பேச்சுச் சொற்களைக் கேட்டுவாங்கிப் பயன்படுத்தியதாகவும், இதை வாய்விட்டுப் படிக்கலாம், இதன் மொழி உயிருள்ளது என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1924 முதல் 1929 வரை லண்டனில் சீனம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அவரே. அப்போது லிங்குவாஃபோன் நிறுவனம் வெளியிட்ட சீனப் பாட இசைத்தட்டுகளில் ஒலித்தது அவருடைய குரல். அதே லண்டனில் தன் ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள அவர் என்ன செய்தார் தெரியுமா? நாவல் படித்தார். டிக்கன்ஸ் உட்பட. அப்படிப் படித்துப் படித்து, 'நாமும் எழுதிப் பார்த்தால் என்ன?' என்று தோன்றித்தான் முதல் நாவலையே தொடங்கினார்.

'அதான் மொழிபெயர்ப்பு இருக்கே?'

இருக்கு. அதன் கதையையும் கேளுங்க. 1945-ல் அமெரிக்காவில் 'ரிக்‌ஷா பாய்' என்ற பெயரில் இந்த நாவல் வந்தது. எவன் கிங் என்ற புனைபெயரில் ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். விற்பனை அமோகம். ஆனால் முடிவை மாற்றிவிட்டார். மூலத்தில் ஷியாங்ஸு நேசித்த பெண் தூக்கில் தொங்குகிறாள், அவன் உருக்குலைந்து போகிறான். (90 வருஷப் பழைய கதை, ஸ்பாய்லர் என்று திட்டாதீங்க.) ஆங்கிலத்தில் அவன் அவளை மீட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், சுபம். ஆயிரக்கணக்கான அமெரிக்க வாசகர்கள் அதையே லாவோ ஷேயின் கதை என்று நம்பினார்கள். சீனாவிலும் இது முழுசாகத் தப்பவில்லை. 1955 பதிப்பில் கடைசி ஒன்றரை அத்தியாயம் நீக்கப்பட்டுத்தான் வெளிவந்தது. ஆக, எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். 24 அத்தியாயம் இருந்தால் சரி.

பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் நேர்மையானவை. ஹோவர்ட் கோல்ட்பிளாட் 2010-ல் செய்தது நல்ல துணை. நானும் அதை முதலில் படித்துவிட்டுத்தான் மூலத்துக்குப் போனேன். ஆனால் எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளரும், எந்த AI-யும், ஆங்கிலத்தில் இல்லாததை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியாது. பெய்ஜிங் பேச்சில் 'நீ'க்கு 'நீ'யே இருக்கிறது (ஆமாம், அதே ஓசை). மரியாதைக்கு 'நின்'. ஆங்கிலத்தில் ரெண்டும் ஒரே 'யூ'. நமக்கு நீ, நீங்க என்று பிறந்ததிலிருந்தே பழக்கம். இதைவிடச் சுவாரசியம், 'வோமென்', 'ஸான்மென்' என்ற ஜோடி. கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லும்போது 'வோமென்', சேர்த்துக்கொள்ளும்போது 'ஸான்மென்'. நாங்க, நாம! பெய்ஜிங் பேச்சில் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது.

ரிக்‌ஷா கொட்டகை முதலாளியின் மகள் ஹூநியூ. பெயருக்கு அர்த்தமே புலிப்பெண். ஷியாங்ஸுவைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள், வாய்க்காரி, அவனை எப்படியாவது கட்டிக்கொள்ளத் துடிப்பவள். அவள் தங்கள் ரெண்டு பேர் விஷயத்தைப் பேசும்போது 'ஸான்மென்' என்கிறாள். 'நாம ரெண்டு பேரும்' என்று. அவன் இன்னும் சம்மதமே சொல்லவில்லை. அவள் இலக்கணத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டாள். ஆங்கிலத்தில் இந்த இடத்தை வெறும் 'வீ'யாகத்தான் படித்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. சீனத்தில் கேட்டபோது அந்தப் பையனுக்காகப் பயந்தேன். ஆங்கிலம் வழியாகவே சீனத்தை அணுகும் நாம், கையில் இருக்கிற தமிழ்ச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எப்படிச் செய்வது?

முன்நிபந்தனை ஒன்று: 1,200 முதல் 1,500 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் எளிமைப்படுத்திய கதைப் புத்தகங்களில் ஆறு மாசம் இருங்க. அவசரப்பட்டு ஜோலி ஆகாதீங்க.

கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு படிக்கலாம், அல்லது லிங் ஸிஃபெங் இயக்கி 1982-ல் வந்த படத்தைப் பார்க்கலாம். ஸிசின் கோவா ஹூநியூவாக நடித்து மிரட்டியிருப்பார். சொல் ஆராய்ச்சியாளர் பால் நேஷன் போன்றவர்கள், நூறு சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் சரளமாகப் படிக்க முடியும் என்பார்கள். நமக்கு அந்த வசதி இருக்காது. முதல் அத்தியாயங்களில் எனக்குப் பக்கத்துக்கு இருபது முப்பது சொல் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புவது முன்கூட்டியே தெரிந்த கதைதான்.

அத்தியாயத்துக்குச் சராசரி 4,500 எழுத்து. நிதானமாக வாசித்தால் 20 முதல் 25 நிமிஷ ஆடியோ. ஆபீஸ் போகிற நேரத்துக்குக் கச்சிதம். முதல் நாள் புத்தகம் இல்லாமல் சும்மா கேட்பேன். புரிந்தவரை புரியட்டும். ராத்திரி அதே அத்தியாயத்தைக் கண்ணால், ப்ளெகோ அகராதி ஆப்பில். ஒரு விதி வைத்திருந்தேன்: மூணு தடவை எதிர்ப்பட்ட சொல்லை மட்டுமே தேடுவது. ஒரே தடவை வருகிற ரிக்‌ஷா உதிரிபாகம், பலகாரம், மரத்தின் பெயர் எல்லாம் போய்த் தொலையட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே ஆடியோ. நாலாவது தடவை கேட்கும்போது நடக்கிற மாயம் இருக்கிறதே, முதல் நாள் ஒரே இரைச்சலாக இருந்தது வாக்கியம் வாக்கியமாகக் கழன்று விழும். வாரம் ஒரு அத்தியாயம் என்றால் ஆறு மாசத்தில் ஒரு சுற்று. வேலை, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் போக எனக்குப் பதினோரு மாசம் ஆனது.

ஆடியோவுக்குப் பஞ்சமே இல்லை. சீனாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்காகப் படிக்க வேண்டிய நாவல் இது என்பதால் ஆளாளுக்கு வாசித்து வைத்திருக்கிறார்கள். ஷிமாலயா என்ற ஆடியோ ஆப்பில் தேடினாலே கிடைக்கும் (பெயர் புரிகிறதா? இமயமலைதான்). ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடைசிவரை மாற்றாதீர்கள். மெஷின் குரலை மட்டும் வேண்டாம் என்பேன். ஹூநியூ திட்டும்போது திட்டுகிற மாதிரி இருக்க வேண்டாமா?

பழைய பேச்சு இன்றைக்கு எதுக்கு?

இதுதான் நியாயமான ஆட்சேபணை. ஷியாங்ஸுவின் பெய்ஜிங் போய்விட்டது. சொல்லின் வாலில் நாக்கை மடிக்கும் பேச்சு, ஷாங்காயிலோ ஷென்ஜெனிலோ பேசினால் சிரிப்பார்கள். அலுவலக ஈமெயில் எழுத இந்த நாவல் ஒரு வரிகூட உதவாது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாசம் தேர்வு இருப்பவர்கள் தேர்வுப் புத்தகத்தையே படிங்க. கெட்ட வார்த்தைகளும் வசவுகளும் நிறைய வருகின்றன, மீட்டிங்கில் எடுத்துவிட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்த டாக்ஸி ஓட்டுநரை மறந்துவிட வேண்டாம். நாவலில் வாடகை வண்டி இழுப்பவர்கள் கொட்டகை முதலாளிக்குத் தினமும் கட்டும் காசுக்குப் பெயர் 'ச்சே ஃபெர்'. வண்டிப் பங்கு. மழையோ, காய்ச்சலோ, சவாரி கிடைக்காத நாளோ, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். பெய்ஜிங் டாக்ஸி ஓட்டுநர்கள் மாசாமாசம் கம்பெனிக்குக் கட்டும் தொகையைச் சொல்வது 'ஃபெர் ச்சியென்'. பங்குப் பணம். அந்த 'ஃபெர்' என் காதில் மறுபடி விழுந்தபோது, நடுவில் ரெண்டு வருஷம் கழித்து, அவர் 40 நிமிஷம் எதைச் சொல்லிக் கொதித்தார் என்பது புரிந்தது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

தொடங்குபவர்களுக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. முதல் அத்தியாயத்தின் ஆரம்பப் பக்கங்கள் கடினம். ஷியாங்ஸு வருவதற்கு முன்னால், பெய்ஜிங் ரிக்‌ஷாக்காரர்களில் எத்தனை வகை என்று லாவோ ஷே விஸ்தாரமாக அடுக்குவார். இளவட்டங்கள், நாற்பது தாண்டியவர்கள், புறநகர்க்காரர்கள் என்று. அதைத் தாண்டிக் குதித்து, கதை தொடங்கும் இடத்துக்குப் போய்விடலாம். முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அப்படித் திரும்பி வந்தபோதுதான் ஒரு கூட்டத்தைக் கவனித்தேன். தூதரகங்கள் இருந்த தெருவில் வண்டி இழுப்பவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எந்தக் கோயிலை, எந்த மலையை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. காதால் கேட்டே சேர்த்த அந்த அந்நிய பாஷையை மற்ற ரிக்‌ஷாக்காரர்களுக்குச் சொல்லித்தர மாட்டார்களாம், தொழில் ரகசியம்!